அயலார் கண்ட கோல்கொண்டாவும் நம்மவர் எழுதாத ஏடும்

முன்பின் அறியாத பெருநகர் ஒன்றினுள் புகும் மனிதன் முதலில் எதைக் காண்கிறான்? இவ்வினாவுக்கு நம் இலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே விடை தந்துள்ளது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்றே ஒரு பகுதி அமைந்திருப்பதை அன்பர்கள் அறிவர். புகாரிலிருந்து வந்த வணிகனான கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மதிலைக் கடந்து தனியே மதுரை நகரைச் சுற்றி வருகிறான். மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, ஆடை வீதி, கூல வீதி எனக் கடைத்தெருக்களாகவே அந்நகர் அவன் கண்முன் விரிகிறது. மணிகளின் குணமும் குற்றமும் அங்கே வகுத்துரைக்கப்படுகின்றன. அத்தகைய நகரில்தான் ஒரு சிலம்பை விற்கச் சென்ற கோவலன் விரைவிலேயே உயிரிழந்தான். கடைவீதியை நன்கு கண்டவன், அந்நகரின் அரண்மனையில் நீதி எவ்வாறு வழங்கப்படும் என்பதைக் காணவில்லை.

பயணியின் பார்வைக்குள்ள ஆற்றலும் எல்லையும் இக்காதையில் அடங்கியுள்ளன. புதியவன் விரைந்து காண்கிறான். உள்ளூரார் பழகிப்போய்க் கவனியாது விட்டவற்றையும் கூர்ந்து காண்கிறான். ஆயினும் தான் கொண்டுவந்த அளவுகோலுக்கு அகப்படுவதையே காண்கிறான். நாம் வாழும் திருமுல்கேரியைச் சூழ்ந்துள்ள ஐதராபாத்து மாநகரம் இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். நானூறு ஆண்டுகளாக இந்நகரை அயலார் பலர் வந்து கண்டு எழுதிச் சென்றுள்ளனர். அவர்தம் ஏடுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்து, அவ்வரிசையில் நம்மவர் இடம் யாது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணி வணிகர் கண்ட நகரம்

கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாகி மரபின் முகம்மது குலி குதுப்ஷா, 1591-ஆம் ஆண்டில் முசி ஆற்றின் தென்கரையில் புதிய தலைநகரை அமைத்தார். அதன் நடுவே சார்மினார் எழுந்தது. அதற்கு முன்னரே, 1578-இல், அவர் தந்தை இப்ராகிம் குதுப்ஷா ஆற்றின் குறுக்கே கற்பாலம் ஒன்றைக் கட்டியிருந்தார். இன்று 'புரானா புல்' என்று வழங்குவது அப்பாலமே. கோட்டையும் பாலமும் நகரமும் இவ்வாறு அமைந்த காலத்தில், கிருஷ்ணையாற்றங்கரை வைரச் சுரங்கங்களின் புகழ் கடல் கடந்து பரவியது. அப்புகழே அயலாரை இங்கு ஈர்த்தது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக மசூலிப்பட்டினத்தில் பணிபுரிந்த வில்லியம் மெத்வோல்டு, 1618 முதல் 1622 வரை இந்நாட்டில் வாழ்ந்தவர். அவர் எழுதிய கோல்கொண்டா நாட்டு வருணனை 1626-இல் இலண்டனில் அச்சேறியது. வைரச் சுரங்கத்தை நேரில் கண்ட அவர், அங்கே முப்பதாயிரம் பேர் உழைத்தனர் என்று கணக்கிட்டார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு நாட்டு இரத்தின வணிகர் ழான் பாத்திஸ்து தவர்னியே, கொல்லூர்ச் சுரங்கத்தில் அறுபதாயிரம் பேரைக் கண்டதாக எழுதினார். ஆடவர் அகழ, பெண்டிரும் பிள்ளைகளும் மண் சுமந்த காட்சியை அவர் ஏடு காட்டுகிறது. எண்ணிக்கை எவ்வாறாயினும், ஐரோப்பிய மன்னர் முடிகளில் ஒளிர்ந்த கற்களுக்குப் பின்னே எத்தனை ஆயிரம் ஏழைக் கைகள் இருந்தன என்பதை இவ்விரு வணிகரின் குறிப்புகளே நமக்குச் சொல்கின்றன.

தவர்னியே 1605-இல் பிறந்தவர். கிழக்கு நாடுகளுக்கு ஆறு முறை பயணம் செய்தவர். அப்பயணங்களைக் கூறும் நூலை 1676-இல் வெளியிட்டவர். ஐதராபாத்தை அவர் பாக்நகர் என்றே குறிக்கிறார். பிரான்சு நாட்டு ஆர்லியான் நகரின் பரப்பு ஏறக்குறைய இதற்கும் உண்டு என்கிறார். முசி ஆற்றுப் பாலத்தைப் பாரிசு நகரின் 'போன் நெஃப்' பாலத்தோடு ஒப்பிட்டு, அழகில் இது அதற்குப் பெரிதும் குறைந்ததன்று எனப் பாராட்டுகிறார். தெருக்கள் அகன்றவை என்று புகழும் அவரே, கல் பாவாத அத்தெருக்களில் கோடையில் எழும் புழுதியையும் சொல்லத் தவறவில்லை. அறியாத ஊரைத் தன் நாட்டார்க்கு உணர்த்த, அறிந்த ஊரை அருகில் நிறுத்திக் காட்டுவது பயணியர்க்கு இயல்பான உத்தி. சென்னையிலிருந்து முதன்முறை இங்கு வருவோர் உசேன் சாகரைக் கண்டு கடற்கரையை நினைப்பதும் இவ்வகையே.

வணிகனுக்கே உரிய கூர்மையால் அவர் கண்ட ஒரு காட்சி நமக்குத் தனிச்சுவை தருவது. சுரங்க ஊர்களில் வைரம் வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல், துணிக்குள் கைகோத்து விரல்களைத் தொட்டே விலையை முடிப்பர் என்று அவர் வியந்து எழுதினார். சூழ நிற்போர் எவரும் அவ்விலையை அறியார். பாரிசு வணிகருக்குப் புதுமையாக விளங்கிய இவ்வழக்கம், நம் நாட்டு மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விலை பேசிய உழவருக்குப் புதுமையாகாது. ஒரே காட்சி, காண்பவன் வந்த வழிக்கு ஏற்ப வியப்பாகவோ வாடிக்கையாகவோ மாறிவிடுகிறது.

வணிக நோக்கம் இன்றி, அறியும் ஆவல் ஒன்றாலேயே வந்தவர் ழான் த தெவெனோ. 1666-இல் சூரத்துத் துறைமுகத்தில் இறங்கிய அவர், அங்கிருந்து கோல்கொண்டா நாடு வரை பயணம் செய்தார். சார்மினாரின் நான்கு வளைவுகளையும் நான்கு கோபுரங்களையும் விரித்துரைத்தார். 1667-இல் தாயகம் திரும்பும் வழியில், பாரசீகத்தில், தம் முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவர் இந்தியப் பயண நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. கண்டதை அவ்வப்போது எழுதி வைத்தமையால், ஆள் திரும்பாவிடினும் அவர் கண்ட நகரம் அவர் நாட்டிற்குப் போய்ச் சேர்ந்தது.

பிழைபடக் கேட்ட செவி

இவ்வேடுகளில் பிழைகளும் உண்டு. பாக்நகர் எனும் பெயருக்குக் காரணம் கூறப் புகுந்த தவர்னியே, அரசன் தான் மிக விரும்பிய 'நகர்' என்னும் மனைவியின் வேண்டுகோளால் இவ்வூரை அமைத்தான் என்கிறார். நகர் என்பது ஊரைக் குறிக்கும் சொல் என்று நம் சிறுவரும் அறிவர். 'பாக்' என்னும் பாரசீகச் சொல்லுக்குத் தோட்டம் என்பது பொருள். பாகமதி என்னும் நங்கையின் பெயரால் அமைந்தது என்னும் மரபும் உண்டு. அம்மரபை ஏற்காத வரலாற்றாசிரியரும் உளர். எவ்வாறாயினும், ஊரைக் குறித்த சொல்லை அயலாரின் செவி பெண்ணின் பெயராக்கிவிட்டது.

இன்னொன்றும் காண்போம். அவர் காலத்தில் மெக்கா மசூதியின் கட்டடப்பணி முடிவுறாதிருந்தது. கல் அகழ்ந்த நூற்றுக்கணக்கான பணியாளரையும், ஒரு பெருங்கல்லை இழுத்துவர வேண்டியிருந்த 1,400 எருதுகளையும் அவர் குறித்து வைத்தார். அத்துணைக் கவனம் இருந்தும், அப்பள்ளிவாசலைப் 'பகோடா' என்றே எழுதினார். கீழை நாட்டு வழிபாட்டிடங்கள் அனைத்திற்கும் அவர் பையில் அந்த ஒரு சொல்லே இருந்தது போலும்! எருதுகளைத் தப்பாமல் எண்ணிய கண், யார் தொழும் இடம் என்பதைக் கேட்க மறந்தது. 1687-இல் கோல்கொண்டா முகலாயர் வசமானது. அம்மசூதியைப் பின்னர் நிறைவு செய்தவர் ஔரங்கசீப்.

சென்னையிலிருந்து வந்த ஏடு

பதினெட்டாம் நூற்றாண்டில் நிசாம்களின் தலைநகராக இந்நகர் மீண்டும் எழுந்தது. அக்காலத்தில் நம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுதிய அரிய நூல் ஒன்றை இங்குக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஏனுகுல வீராசாமையா, 1830 மே 18-ஆம் நாள் சென்னையை விட்டுப் புறப்பட்டுக் காசி சென்று, 1831 செப்டம்பர் 3-ஆம் நாள் திரும்பினார். பல்லக்கும் பரிவாரமுமாகச் சென்ற அவர், வழியெல்லாம் தம் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு மடல்கள் வரைந்து அனுப்பினார். வீராசாமையா 1836-இல் மறைந்தபின், சீனிவாச பிள்ளையே அவற்றைத் தொகுத்து 1838-இல் 'காசி யாத்திரை சரித்திரம்' எனத் தெலுங்கில் அச்சிட்டார்.

அந்நூலின் தனிச்சிறப்பு, அது பயணியின் தேவையை உணர்ந்து எழுதப்பட்டது என்பதே. எந்த ஊரில் தங்க இடமுண்டு, எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே கடைகள் உள்ளன என ஊர்தோறும் அவர் குறித்துச் செல்கிறார். 1830-இல் ஐதராபாத்தை அடைந்தபோது, ஆயுதம் தாங்கியோர் தடையின்றி உலவிய நகரத்தையும், ஆங்கிலப் படையின் ஒழுங்கில் அமைந்த செகந்தராபாத்தையும் அருகருகே கண்டார். சென்னை நீதிமன்றத்தில் பழகிய கண்ணுக்குச் சட்டத்தின் நடமாட்டமே முதலில் புலப்பட்டது. தவர்னியே வைரத்தைக் கண்டார். வீராசாமையா காவலைக் கண்டார்.

நீரைக் கண்ட இருவர்

வைரத்தின் ஒளியை 'நீரோட்டம்' என்பது நம் வழக்கு. கல்லில் நீரோட்டம் பார்க்க வந்தவர் பலர். இந்நகரின் நீரையே பார்க்க வந்தவரும் இருவர் உளர். சென்னைப் படையின் 19-ஆம் காலாட்படையில் மருத்துவராகப் பணியாற்றிய ரொனால்டு ராசு, செகந்தராபாத்தில் தங்கியிருந்தபோது, தேங்கிய நீரில் பிறக்கும் கொசுக்களைத் தேடித்தேடி ஆராய்ந்தார். 1897 ஆகசுடு 20-ஆம் நாள், மலேரியா நோயாளி ஒருவரின் குருதியை உண்ட கொசுவின் இரைப்பையில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். மனித இனத்தை நெடுங்காலம் வாட்டிய ஒரு நோயின் மறைவழி நம் பேகம்பேட்டையில் புலனாயிற்று. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மற்றவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் முசி ஆறு பொங்கி நகரை அழித்தது. பாலங்கள் சில அடித்துச் செல்லப்பட்டன. தவர்னியே பாராட்டிய பழம்பாலம் நிலைத்து நின்றது. அடுத்த ஆண்டு நிசாம் அரசின் அழைப்பை ஏற்று மைசூர் நாட்டவரான இப்பொறியாளர் வந்தார். ஆற்றையும் அதன் கிளையையும் அளந்தார். நகருக்கு மேலே நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். 1920-இல் உசுமான் சாகரும் 1927-இல் இமாயத்து சாகரும் எழுந்தன. இவ்விருவரும் நகரின் அழகைப் பாட வந்தவர் அல்லர். ஆயினும் ஊரார் அன்றாடம் கடந்து சென்ற குட்டையையும் ஆற்றையும் புதிய கண்ணால் கண்டமையால், பல்லாயிரம் உயிர்கள் பயன் பெற்றன. அயலான் கண் ஊருக்குச் செய்யத்தக்க உதவி இதனினும் பெரிது யாது?

எழுதாமல் வந்தவர்

இதுகாறும் எழுதியவர், எழுதப்பட்டவர் பற்றியே பேசினோம். இனி எழுதாமல் வந்தவரைக் காண்போம். 1798-இல் நிசாமுக்கும் ஆங்கிலேயருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சென்னைப் படையின் பிரிவுகள் ஐதராபாத்தில் நிலைநிறுத்தப்பட்டன. உசேன் சாகருக்கு வடக்கே விரிந்த அப்பாசறை, நிசாம் சிக்கந்தர் ஜா பெயரால் 1806-இல் செகந்தராபாத்து ஆயிற்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஐதராபாத்து ரெசிடென்சி மாளிகை தாக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலப் படைக்கென அகழியுடன் கூடிய அரண் திருமுல்கேரியில் எழுந்தது. இங்குள்ள இராணுவச் சிறைக்கூடம், தோற்றம் பற்றி, இங்கிலாந்தின் வின்சர் கோட்டை எனப் பெயர் பெற்றது. அவ்வெள்ளையரும் தாம் விட்டுவந்த ஊரை இங்கே தேடினர் என்பதற்கு அப்பெயரே சான்று.

சென்னைப் படையின் சிப்பாய்க்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பாசறை மாறும்போது மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்வான். எனவே அப்படை சென்ற இடமெல்லாம் குடும்பங்களும் சென்றன. தமிழ் பேசிய சிப்பாய், குத்தகைக்காரர், சமையற்காரர், எழுத்தர், ஆயா எனப் பலரும் இங்கு வந்து தங்கினர். 1874-இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வருமுன், சென்னையிலிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் தரைவழியே வந்தவர் இவர்களுள் பலர். அவர்களுக்கு இது உண்மையிலேயே அயல்நாடு. பாசறையைத் தாண்டி நகருக்குள் சென்றால் ஆட்சி வேறு, சட்டம் வேறு, 'ஹாலி சிக்கா' என்னும் நாணயமும் வேறு. 1884 வரை பாரசீகமும் பின்னர் உருதுவும் அங்கே அரசு மொழிகள். கடைவீதியில் தெலுங்கு ஒலித்தது. இத்தனை வேற்றுமைக்கும் நடுவே அவர்கள் எப்படி முதல் வீட்டைத் தேடினர், எம்மொழியில் முதல் விலை பேசினர், எதைக் கண்டு அஞ்சினர், எதைக் கண்டு நகைத்தனர்? தவர்னியே கண்ட புழுதியை நாம் அறிவோம்; நம் முன்னோர் மிதித்த புழுதியை அறியோம்.

எழுத்தில் வைக்காவிடினும் பயணம் தடம் விட்டுச் செல்வதுண்டு. செகந்தராபாத்து உச்சயினி மகாகாளி கோயிலின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. படையில் டோலி சுமந்த சூரிட்டி அப்பய்யா 1813-இல் தம் படைப்பிரிவுடன் உச்சயினியில் இருந்தார் என்றும், அவ்வேளை இங்கே வாந்திபேதி பரவியதைக் கேட்டு அங்குள்ள மகாகாளியிடம் வேண்டிக்கொண்டார் என்றும், 1815-இல் திரும்பி வந்து அன்னைக்குத் திருவுருவம் அமைத்தார் என்றும் கோயில் மரபு கூறும். அறியாத நகரில் தாம் கண்டதை அவர் நூலாக எழுதவில்லை, கோயிலாகக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் போனாலுத் திருவிழாவில் திரளும் மக்கள் ஒரு டோலி சுமப்பவரின் பயணக் குறிப்பையே படிக்கின்றனர் எனலாம்.

நம்மவர் விட்ட தடங்களும் உள. சோமசுந்தர முதலியார் 1862-இல் செகந்தராபாத்தில் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூபு கல்லூரி எனச் சிறந்தது. 1893 பிப்பிரவரி 13-ஆம் நாள், சென்னையிலிருந்து வந்திருந்த சுவாமி விவேகானந்தர், மேலை நாடுகளுக்குத் தாம் செல்லக் கருதிய நோக்கத்தைப் பற்றி அக்கல்லூரியிலேயே உரையாற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் சிக்காகோ நகர் அவரைக் கேட்டது. அறியாத கண்டத்திற்குப் புறப்படவிருந்த பெரும்பயணி ஒருவர் தம் எண்ணத்தை அவையில் வெளியிட, ஒரு தமிழர் அமைத்த கல்விச்சாலை இடம் தந்தது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

இன்னொரு தடம் நம் நாவிலேயே உள்ளது. தெலுங்கர் இவ்வூரைத் திருமலகிரி என்பர். ஆங்கிலேயர் அதனை 'ட்ரிமல்கெரி' என்று எழுதினர். நம்மவரோ திருமுல்கேரி என்கின்றனர். முன்னிரண்டையும் கேட்டு மூன்றாவதாக நம் செவி அமைத்துக்கொண்ட வடிவம் இது என்று எமக்குத் தோன்றுகிறது. 'நகர்' என்பதைப் பெண்ணாக்கிய தவர்னியேயின் செவியை நகைத்த நாம், நம் செவி செய்த மாற்றத்தையும் அன்புடன் ஏற்க வேண்டும். வந்து சேர்ந்தவர் இவ்வூரை எவ்வாறு கேட்டனர் என்பதற்கு அச்சொல்லே எஞ்சிய சான்று.

நம் முன் உள்ள பணி

தமிழர் பயணம் எழுதத் தெரியாதவர் அல்லர். 'உலகம் சுற்றும் தமிழன்' ஆன ஏ. கே. செட்டியார், தாம் சென்ற நாடுகளைப் பற்றி எழுதியதோடு அமையாமல், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். திரும்பி வருபவன் எழுதுகிறான். கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. குடியேறியவனோ யாருக்கு எழுதுவான்? சில நாளில் அயலூர் சொந்த ஊராகிவிடும், வியப்பு வழக்கமாகிவிடும், எழுத வேண்டும் என்னும் எண்ணமே எழாது. வீராசாமையாவுக்குச் சீனிவாச பிள்ளை என்னும் நண்பர் வாய்த்திராவிடின் அம்மடல்களும் நமக்கு எட்டியிரா. கண்டவர் மட்டும் இருந்தால் வரலாறு அமையாது. கேட்டு வாங்கிக் காப்பவரும் வேண்டும்.

அக்காப்பாளராக விளங்க வேண்டியவை நம் தமிழ்ச் சங்கங்களே. இல்லந்தோறும் பழைய பெட்டிகளில் ஓய்வூதியத் தாள்களும், ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டைகளும், பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதிய நிழற்படங்களும் இருத்தல் கூடும். கோயில் நன்கொடைக் கற்களிலும், தேவாலயப் பதிவேடுகளிலும், கல்லறைகளிலும் தமிழ்ப் பெயர்கள் உள்ளனவா எனத் தேடிப் படியெடுக்கலாம். முதியோரை அணுகி, எந்த ஊரிலிருந்து யார் முதலில் வந்தார், ஏன் வந்தார், வந்த அன்று எங்கே உறங்கினார், முதலில் கற்ற தெலுங்குச் சொல்லும் உருதுச் சொல்லும் யாவை எனக் கேட்டு எழுதலாம். இதற்குப் பெரும்புலமை வேண்டா. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். தவர்னியேயும் தெவெனோவும் பிழையோடுதான் எழுதினர். எழுதியதால்தான் பிழை திருத்தவும் நமக்கு வழி பிறந்தது. எழுதாததைத் திருத்துவார் யார்?

இப்பணிக்குக் காலம் காத்திராது. பாட்டனார் வந்த வழியை அறிந்த கடைசித் தலைமுறை நம் இல்லங்களில் முதுமையுற்றிருக்கிறது. அவர்தம் நினைவில் உள்ள நகரம் எந்த நூலகத்திலும் கிடைக்காது. வைரம் தேடி வந்தவர் கண்ட கோல்கொண்டா அச்சேறி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பிழைப்புத் தேடி வந்தவர் கண்ட திருமுல்கேரி இன்னும் கையெழுத்தாகக்கூட அமையவில்லை. அடுத்த ஆண்டு மலரில் அதன் முதல் ஏடு இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.